கிரஷர் பள்ளத்தில் ஒரு தற்செயலான சந்திப்பு

நம் ஊரில் மிகுந்த உழைப்பைக் கேட்கிற காரியம், பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் தற்செயலாகச் சந்திப்பதுதான். முகூர்த்தத்தை ஜோசியர் குறித்துக் கொடுத்துவிடுவார். தற்செயலை நாமேதான் குறித்தாக வேண்டும்.

ஜாதகம் பொருந்தி, படமும் பார்த்து, இரண்டு பக்கமும் அரைச் சம்மதம் என்று ஆன பிறகு, முறையாக வீட்டுக்கு வந்து பெண் பார்ப்பதற்கு முன்னால், ஏதாவது ஒரு பொது இடத்தில் இரண்டு குடும்பமும் எதேச்சையாக எதிர்ப்பட வேண்டும். பிடித்திருந்தால் தட்டோடு வீட்டுக்கு வருவார்கள். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை. 'வந்து பாத்துட்டு வேணாம்னுட்டாங்களாம்' என்ற பேச்சு பெண்ணின் மேல் விழாது. இதற்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. "நீங்கதானே அவங்க?" என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. கேட்ட நொடியில் அது பெண் பார்த்ததாகிவிடும்.

இந்த விதியைப் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே என்னைவிடச் சுத்தமாகக் கடைப்பிடித்தவன் எவனும் இருக்க முடியாது. அதுதான் வினை.

நான் ஒழுங்கானவன். இலுப்பூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. தினமும் டைரி எழுதுவேன். சட்டைப் பொத்தான் என்றைக்கு அறுந்தது, அதை என்றைக்குத் தைத்தேன் என்பதெல்லாம் அதில் இருக்கும். (என் மனைவி மல்லிகா அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. "கூடவே இருந்து பாக்குறது பத்தாதா, அதைப் படிக்க வேற செய்யணுமா?" என்பாள்.) எங்களுக்கு ஒரே மகள், கயல். வங்கியில் வேலை. இதற்கு முன் இரண்டு வரன்கள் வீட்டுக்கே வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பதில் சொல்லாமல் விட்டிருந்தார்கள். அதன் பிறகு கயல், "இனிமே எவன் முன்னாடியும் தட்டைத் தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன்ப்பா" என்று சொல்லியிருந்தாள். அவள் குரலை உயர்த்தாமல் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. ஆகவே இந்த மூன்றாவது வரன் தற்செயலாகவே நடந்தாக வேண்டும். பிசகக் கூடாது.

வரனைக் கொண்டுவந்தவர் மல்லிகாவின் அண்ணன், என் மச்சான் பழனி. பையன் பெயர் பிரபு. கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை. அப்பா ராமநாதன், திருமயம் பக்கத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார். பையனுக்கு லீவு கிடைத்தால் அவனும் வருவான், இல்லாவிட்டால் அப்பா அம்மா மட்டும் வந்து பார்ப்பார்கள் என்றார் மச்சான்.

"கோயில்ல வச்சிக்குவம்" என்றாள் மல்லிகா.

நான் மறுத்தேன். கோயிலில் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்ணும், சுற்றுமுற்றும் பார்க்கிற ஒரு அப்பாவும் நின்றாலே பூக்காரம்மா, "என்ன, மாப்பிள்ளை வீடு வந்துட்டாகளா?" என்று கேட்டுவிடுகிறார். தற்செயலுக்கு அங்கே இடமே இல்லை. யாருக்கும் சந்தேகம் வராத இடம் வேண்டும். அப்போதுதான் அந்தப் பள்ளத்தாக்கு என் நினைவுக்கு வந்தது.

பள்ளத்தாக்கு என்றால் உதகமண்டலத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் மலை என்று சொல்லிக்கொள்வதே கொஞ்சம் தாராளம். இரண்டு பாறைக் குன்றுகளுக்கு நடுவில் ஆறு ஒன்று வளைந்து போகும். (ஆறு என்பதும் தாராளம்தான். கார்த்திகையில் ஆறு, பங்குனியில் கிரிக்கெட் மைதானம்.) ஒரு கரையில் வரிசையாகக் கல் உடைக்கிற கிரஷர்கள், மறு கரையில் ஓட்டுச் சூளைகள். என் இளம் வயதில் அந்தப் பக்கம் பஸ் போகும்போது, "சன்னலை இறக்குங்கப்பா, கிரஷர் பள்ளம் வருது" என்று கண்டக்டர் கத்துவார். இறக்குவதற்குள் பஸ்ஸில் இருக்கிற எல்லோருக்கும் தலை நரைத்துவிடும். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு பல வருடம் அங்கே கருவேல மரம்தான் வளர்ந்தது. பிறகு திடீரென்று அதைச் சுற்றுலாத் தலம் ஆக்கிவிட்டார்கள். தடுப்பணை கட்டினார்கள், கல் தோண்டிய குழியில் தண்ணீர் நிறைந்து படகு ஓடியது, சூளைப் புகைபோக்கிக்கு விளக்குப் போட்டார்கள், கிரஷர் இயந்திரத்துக்கு வானவில் நிறத்தில் பெயின்ட் அடித்தார்கள். "அன்று கல்லை உடைத்தோம், இன்று உங்கள் கவலையை உடைக்கிறோம்" என்று வாசலில் ஒரு பலகை. கிரஷர் பள்ளம், பள்ளத்தாக்கு ஆகிவிட்டது.

"கிரஷர்லயா பொண்ணைக் காட்டப் போறீக?" என்றாள் மல்லிகா.

"பள்ளத்தாக்கு" என்றேன்.

மச்சானும் நானும் போனில் ஏற்பாட்டை முடித்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. புகைபோக்கிக்குக் கீழே இருக்கிற கல் பெஞ்சு. கயல் மயில்கழுத்து நிறப் புடவையில் இருப்பாள். மாப்பிள்ளையின் அப்பா கையில் ஒரு மஞ்சள் பை வைத்திருப்பார். மச்சான் வர மாட்டார். தரகு பேசியவர் நடுவில் நின்றால் அப்புறம் என்ன தற்செயல்? வீட்டில் மனைவிக்கும் மகளுக்கும் கண்டிப்பான உத்தரவு கொடுத்தேன். அங்கே போனதும் யாரையும் தேடுவதுபோல் பார்க்கக் கூடாது. முக்கியமாக, திரும்பித் திரும்பிப் பார்க்கவே கூடாது. பேச்சை நான் ஆரம்பிப்பேன்.

"கூப்பிட்டாக்கூடத் திரும்பக் கூடாதாப்பா?" என்று கேட்டாள் கயல்.

"நான் சொல்ற வரைக்கும் கூடாது."

ஏற்பாட்டில் ஓட்டை இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஓட்டை வாசலிலேயே இருந்தது.

டிக்கெட் வாங்கியதும் ஒரு பெண் எங்கள் மூன்று பேர் தலையிலும் ஆளுக்கொரு மஞ்சள் ஹெல்மெட்டைக் கவிழ்த்தாள். மேலே முழங்காலுக்குக் கீழே வரை தொங்குகிற ஒரு ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிவிட்டாள். "தொழிலாளி அனுபவம் சார். பாதுகாப்புக்கும் ஆச்சு. திரும்பி வர்ற வரைக்கும் கழட்டக் கூடாது" என்றாள். மயில்கழுத்துப் புடவையில் காலடியில் ஒரு சாண்தான் மிச்சம் தெரிந்தது. அதையாவது பார்த்துக் கண்டுபிடிப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதற்குள் அவள் மல்லிகாவின் கையில் இருந்த பிளாஸ்டிக் பையைப் பிடுங்கிக்கொண்டு, "இங்க பிளாஸ்டிக் தடை மேடம்" என்று சொல்லி அதில் இருந்த தண்ணீர் பாட்டிலையும் முறுக்கையும் ஒரு மஞ்சள் துணிப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

நான் நிமிர்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்தேன். ஆற்றங்கரை முழுவதும் ஆரஞ்சுச் சட்டை, மஞ்சள் ஹெல்மெட், கையில் மஞ்சள் பை. ஆண், பெண், கைக்குழந்தை வித்தியாசம் இல்லை. மூடிய கிரஷரைத் திரும்பத் திறந்துவிட்டார்களோ என்று ஒரு கணம் தோன்றியது.

"இப்ப யாருங்க மாப்பிள்ளை வீடு?" என்றாள் மல்லிகா.

"மச்சானுக்குப் போன் போட்டுக் கேட்போம்" என்றேன். பள்ளத்தில் டவர் இல்லை.

அதனால் என்ன, இடம் இருக்கிறதே என்று புகைபோக்கிக்குப் போனோம். கல் பெஞ்சில் ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வயதுதான். அவர் கையில் மஞ்சள் பை. (எல்லோர் கையிலும்தான். ஆனால் இவர் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அடையாளமாக வைத்திருக்கிறவர்தான் அப்படிப் பிடிப்பார் என்று நான் முடிவுகட்டினேன்.) அந்த அம்மா எங்களைப் பார்த்ததும் கயலின் ஹெல்மெட்டிலிருந்து செருப்பு வரைக்கும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு சட்டென்று ஆற்றைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. என்ன பயிற்சி! என்ன கட்டுப்பாடு!

நான் பேச்சை ஆரம்பித்தேன். "வெயில் இல்ல இன்னிக்கு."

"ஆமாங்கண்ணே" என்றார் அந்த அம்மா. எடுத்த எடுப்பில் அண்ணன்! சம்பந்தி வாயிலிருந்து அண்ணன் என்று வந்துவிட்டால் பாதி நிச்சயம் ஆன மாதிரி. மல்லிகாவின் முழங்கையை லேசாக இடித்தேன்.

"எந்த ஊருங்க?" என்று கேட்டேன். இதுவரை விதிக்குள்தான் இருக்கிறது.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இந்தப் பக்கந்தான்" என்றார் அவர்.

"நாங்களும் இந்தப் பக்கந்தான்."

"சும்மா சுத்திப் பாக்க வந்தீகளா?"

"சும்மாதான். நீங்க?"

"நாங்களும் சும்மாதான்."

இதைவிட நேர்த்தியாக ஒரு தற்செயல் தமிழ்நாட்டில் நடந்திருக்காது. அந்த அம்மாவின் பெயர் பாக்கியம், அவர் கணவர் பெயர் செல்லையா என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. ராமநாதன் என்றுதானே மச்சான் சொன்னார் என்று மனதில் ஒரு முள் தைத்தது. வீட்டில் கூப்பிடுகிற பெயராக இருக்கும். (ராமநாதனை யாராவது வீட்டில் செல்லையா என்று கூப்பிடுவார்களா என்று நான் யோசிக்கவில்லை. அன்றைக்கு யோசிப்பதை எல்லாம் வீட்டிலேயே முடித்துவிட்டு வந்திருந்தேன்.)

அதற்குள் வழிகாட்டிப் பெண் ஒருத்தி ஒலிபெருக்கியோடு வந்து கூட்டத்தைச் சேர்த்தாள். "எல்லாரும் என் பின்னாடியே வாங்க. கிரஷர் பாத்துட்டு, சூளை பாத்துட்டு, படகுக்குப் போகலாம்." எங்களுக்குப் பின்னால் இன்னும் சில ஹெல்மெட்டுகள் சேர்ந்துகொண்டன. நடக்க ஆரம்பித்தோம்.

"அப்பா" என்றாள் கயல் மெதுவாக. "நமக்குப் பின்னாடி..."

"திரும்பாதே" என்றேன் உதட்டை அசைக்காமல்.

செல்லையாவுடன் நானும், பாக்கியத்துடன் மல்லிகாவும் நடந்தோம். வாத்தியாராயிற்றே, கல்வியைப் பற்றிப் பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் குழியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்துவிட்டு, "இதுல உப்பு ஏத்துனா எறால் விடலாம்" என்றார். பிறகு இறாலுக்கு என்ன நோய் வரும், எந்த மாதத்தில் வரும், வந்தால் எப்படி மிதக்கும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் வியந்துபோனேன். விலங்கியல் வாத்தியார்!

மல்லிகா என் சட்டையை இழுத்தாள். "ஏங்க, வாத்தியாருன்னாகளே. அந்த மனுசன் கையைப் பாத்தீகளா? கயிறு இழுத்துக் காச்சுப்போயிருக்கு."

"ரிட்டையர் ஆகித் தோட்டம் போட்டிருப்பார். கிணத்துல தண்ணி இறைச்சிருப்பார்."

"இந்தக் காலத்துல எவன் கயித்தைப் போட்டு இறைக்கிறான்?"

"உடற்பயிற்சிக்கு" என்றேன்.

முன்னால் வழிகாட்டிப் பெண், வானவில் கிரஷரைக் காட்டி, "இதோட சத்தத்துல பக்கத்துல நிக்கிறவங்க பேசுறதுகூடக் கேக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இயந்திரம் நின்று எத்தனையோ வருடமாகிவிட்டது. எனக்குத்தான் அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை.

பாக்கியம் என்னிடம் திரும்பினார். "தம்பிக்கு லீவு இல்லண்ணே. போன மாசம்தான் வந்துட்டுப் பிளேன் ஏறுனான்."

கோயம்புத்தூருக்குப் பிளேனா! மோட்டார் கம்பெனி இவ்வளவு செய்கிறதா! என் முகம் மலர்ந்ததைக் கண்டு மல்லிகாவின் முகம் சுருங்கியது. "அங்கிட்டு மழை எப்படி?" என்று கேட்டேன்.

"தெனமும் பேயுதாம்."

சிறுவாணிச் சாரல், என்று நினைத்துக்கொண்டேன்.

"பாப்பா நைட்டு டூட்டி பாக்குறதுதான் பாவம்" என்றார் பாக்கியம்.

கணக்கு முடிக்கிற நேரத்தில் கயல் வங்கியிலிருந்து தாமதமாக வருவது உண்டு. மச்சான் இதைக்கூடச் சொல்லியிருக்கிறாரே என்று எண்ணி, "மார்ச் மாசம் மட்டுந்தாங்க" என்றேன்.

பாக்கியம் என்னை விநோதமாகப் பார்த்தார். "மார்ச் மாசம் மட்டுமாண்ணே மனுசனுக்கு நோவு வரும்?"

நான் தலையை ஆட்டினேன். ஆழமான பேச்சு. என்ன பொருள் என்று வீட்டுக்குப் போய் யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"அப்பா" என்றாள் கயல் மறுபடி. இப்போது அவள் முகம் சிவந்திருந்தது. "பின்னாடி ஒருத்தர் வாராருப்பா. அவரு..."

"கயல்!" என்று அதட்டினேன். "சொன்னது என்ன? திரும்பாதே."

அவள் எனக்குப் பின்னால் யாரையோ பார்த்துக் கையை விரித்துக் காட்டியதுபோல் இருந்தது. கொசுவை விரட்டுகிறாள் என்று நினைத்தேன்.

படகில் எட்டுப் பேர் உட்காரலாம். பாக்கியம் கயலைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். எங்களுக்குப் பின் வரிசையில் யாரோ மூன்று ஹெல்மெட்டுகள் ஏறி உட்கார்ந்தன. ஒருவர் அவ்வப்போது தொண்டையைச் செருமினார். ஒவ்வொரு முறையும் கயல் நெளிந்தாள். சளி பிடித்தவர்களை எல்லாம் படகில் ஏற்றுகிறார்களே என்று நான் செல்லையாவிடம் குறைப்பட்டுக்கொண்டேன், பின்னால் நன்றாகக் கேட்கும்படி. செருமல் நின்றுவிட்டது.

படகு திரும்பியதும் வாசலுக்கு வந்தோம். ஹெல்மெட்டையும் சட்டையையும் திருப்பிக் கொடுக்க அங்கே ஒரு மேஜை. நாங்கள் முதலில் நின்றோம். கயல் ஹெல்மெட்டைக் கழற்றி, சட்டையைக் கழற்றி, தலையை உதறி முடியைச் சரிசெய்தாள். மயில்கழுத்துப் புடவை அப்போதுதான் முழுதாக வெளியே வந்தது. என் மகள் அழகாக இருந்தாள். அப்பன் சொல்கிறான் என்று தள்ளிவிட வேண்டாம், மேஜைக்குப் பின்னால் நின்ற பெண்ணே ஒரு கணம் கைவேலையை நிறுத்தினாள்.

பாக்கியம் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். "அடி ஆத்தீ! போட்டோவுல வேற மாதிரி இருந்துச்சே. நேர்ல என்னா லட்சணம்!"

"போட்டோக்காரர் சரியில்லைங்க" என்றேன் நான், பணிவாக.

"ஏய், இன்னிக்குச் சும்மா பாக்கத்தானே..." என்று செல்லையா ஆரம்பித்தார். பாக்கியம் அவர் நெஞ்சோடு பிடித்திருந்த மஞ்சள் பைக்குள் கையை விட்டார். "மனசுக்குப் புடிச்ச பொண்ணுக்குப் பூ வைக்காமப் போகச் சொல்றியளா?" என்றபடி ஒரு பந்து மல்லிகைப்பூவை எடுத்து, ஒரு முழத்தைக் கிள்ளி, நான் வாயைத் திறப்பதற்குள் கயலின் தலையில் வைத்துவிட்டார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் அது முடிந்த பேச்சு. பத்திரிகை அடிப்பதுதான் பாக்கி. ஒரு வீட்டார் பூ வைத்த பெண்ணுக்கு இன்னொரு வீட்டார் பூ வைக்க மாட்டார்கள். எனக்குக் கண் கலங்கியது. கேசரி இல்லை, தட்டு இல்லை, என் மகளை எவன் முன்னாலும் நிறுத்தவில்லை. கிரஷர் பள்ளத்தில் சாதித்துவிட்டேன். மல்லிகாவைப் பெருமையோடு பார்த்தேன். மல்லிகா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள், வாயைத் திறந்தபடி.

"அப்பா" என்றாள் கயல், மூன்றாவது தடவையாக. "இப்பவாச்சும் திரும்பிப் பாருங்கப்பா."

திரும்பினேன்.

படகில் பின் வரிசையில் இருந்த மூன்று பேரும் கையில் ஹெல்மெட்டோடு வரிசையில் நின்றார்கள். நெற்றியில் திருநீறு பூசிய ஒரு பெரியவர், அவர் மனைவி, அவர்களுக்கு நடுவில் ஓர் இளைஞன். இளைஞனை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். என் போனில்தான் பார்த்திருந்தேன். ஜாதகத்துக்கு அடுத்த படம்.

"தற்செயலா வந்தோம்" என்றார் பெரியவர், மிகவும் மெதுவாக. அவர்தான் ராமநாதன்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படியானால் பூ வைத்தவர் யார்? பையனுக்கு லீவு இல்லை என்றாரே? என் மூளை எப்படியோ ஒரு வழியைக் கண்டுபிடித்தது. சந்தோஷமாகப் பாக்கியத்திடம் திரும்பி, "ஓகோ, நீங்க இவங்களுக்குச் சொந்தமா? அத்தையா?" என்றேன். பிறகு செல்லையாவை ராமநாதனுக்கும் ராமநாதனைச் செல்லையாவுக்கும் அறிமுகம் செய்துவைத்தேன்.

"இவுக யாரு?" என்றார் செல்லையா.

"அதைத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தேன்" என்றார் ராமநாதன்.

அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. செல்லையாவும் பாக்கியமும் கட்டுமாவடிக்காரர்கள். இறால் வியாபாரம். பையன் சிங்கப்பூரில். அவர்களும் ஒரு பெண்ணைத் தற்செயலாகப் பார்க்க அதே புகைபோக்கிக்கு அதே நேரத்துக்கு வந்திருந்தார்கள். அந்தப் பெண் நர்ஸ். (நைட்டு டூட்டி. நோவு.) தரகர் அவர்களுக்கும் அதே விதியைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். எதையும் கேட்டுவிடாதீர்கள்.

"ஆரம்பத்துல இருந்து உங்க பின்னாடியேதாங்க வாரோம்" என்றார் ராமநாதனின் மனைவி. அவர் கண் கயலின் தலையில் இருந்த பூவை விட்டு அகலவே இல்லை. "பொண்ணு பாத்துச்சு. பையனும் பாத்தான். நீங்கதான் பாக்கல."

"ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமேங்க" என்றேன் பரிதாபமாக.

"எப்படிங்க கூப்பிடுறது?" என்றார் ராமநாதன். அவர் என்னைவிட ஒழுங்கானவர் என்று அப்போதுதான் புரிந்தது. "கூப்பிட்டா அது தற்செயல் ஆகாதே. நீங்களாத் திரும்பணும். படகுல தொண்டையைச் செருமிப் பாத்தேன். அதுக்கும் வைஞ்சிட்டீங்க."

யாரும் சிரிக்கவில்லை. ராமநாதனின் மனைவி மெல்லச் சொன்னார்: "பூ வச்சிட்டாங்களே. இனிமே நாங்க என்னத்தைச் சொல்றது?" பிரபு அவன் அம்மாவின் கையைப் பிடித்தான். அவர் விடுவித்துக்கொண்டார். இந்தப் பக்கம் பாக்கியத்தின் முகமும் கறுத்துவிட்டது. "ஆசையா வச்ச பூவை எடுன்னு சொல்லுவீகளா? பச்சைப் புள்ள தலையில இருந்து பூவை எடுக்கிறதா? என் கையால அது நடக்காது."

வைத்த பூவை எடுப்பது அபசகுனம். எடுக்காவிட்டால் வந்த வரன் போய்விடும். கயலின் மூன்றாவது வரன். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்நாள் ஒழுங்கெல்லாம் அப்போது எனக்கு உதவவில்லை.

கயல்தான் பேசினாள். தலையில் இருந்த பூவை ஒரு கையால் பொத்திக்கொண்டு பாக்கியத்தின் பக்கம் திரும்பினாள்.

"பூ இருக்கட்டும் பெரியம்மா" என்றாள்.

பாக்கியம் அவளையே பார்த்தார். "என்னன்னு கூப்பிட்டே?"

"பெரியம்மான்னேன்."

பிறகு பாக்கியம் சிரிக்க ஆரம்பித்தார். உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார். "கேட்டியளா, பெரியம்மான்னுட்டா! அத்தைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டேன். பெரியம்மான்னா எம் மவன் அண்ணனாயிட்டானே! அண்ணனுக்கு எப்படிக் கட்டுறது?" என்றவர் ராமநாதனின் மனைவியிடம் திரும்பினார். "இந்தா பாருங்க, பெரியம்மாக்காரி மவளுக்குப் பூ வைக்கிறது ஊர்ல இல்லாததா? இது சம்பந்தம் பேசுன பூ இல்ல. நான் பெத்தவ மாதிரி வச்ச பூ. ஒங்க பூ இனிமேத்தான்." மிச்சமிருந்த பூப்பந்தை அப்படியே எடுத்து அவர் கையில் வைத்தார். "வைங்க சம்பந்தி."

ராமநாதனின் மனைவி பூவைப் பார்த்தார், கயலைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மகன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவர் முகம் இளகியது. பூவைப் பிரிக்கப் போனார்.

"இரு" என்றார் ராமநாதன். "இன்னிக்குத் தற்செயல்தான். முறையா வீட்டுக்கு வந்துதான் வைக்கணும்."

(இப்படிப்பட்ட ஒரு மனிதரைத்தான் நான் சம்பந்தியாகத் தேடிக்கொண்டிருந்தேன். தேடிய இடம்தான் தப்பு.)

அந்தப் பூ அவர்களுடைய மஞ்சள் பையில் திருமயத்துக்குப் போனது. அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் தட்டோடு வீட்டுக்கு வந்தார்கள். பிரபு முதல் காரியமாக மல்லிகாவிடம், "பலகாரத் தட்டை உள்ளேருந்து நானே எடுத்துட்டு வாரேன் அத்தை, யாரும் தூக்க வேணாம்" என்றான். இதைக் கயல் அவனிடம் எப்போது சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குழிக் கரையில் நான் இறாலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோதாக இருக்கலாம்.

கட்டுமாவடிக்காரர்கள் பார்க்க வந்த நர்ஸ் பெண் அன்றைக்கு வரவே இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டார்களாம். பிறகு ஒரு கோயிலில் வைத்துப் பார்த்து, எந்தக் குழப்பமும் இல்லாமல் பேசி முடித்தார்கள். "கோயில்ல" என்பதை மல்லிகா என்னிடம் அழுத்திச் சொன்னாள். வாரம் ஒரு தடவையாவது சொன்னாள்.

கயலுக்கு உடன்பிறந்தவன் கிடையாது. கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மண்டபத்துக்குள் அழைத்து வருவது பெண்ணின் அண்ணன் தம்பியின் வேலை. யாரைச் சொல்வது என்று நான் யோசித்து வைத்திருந்த ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை. சிங்கப்பூரிலிருந்து லீவு போட்டு வந்து இறங்கியிருந்தான் பாக்கியத்தின் மகன். வாட்டசாட்டமான பையன். பிரபுவுக்கு மாலையைப் போட்டுவிட்டுக் காதில் ஏதோ சொன்னான். இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பாக்கியம் முன்வரிசையில் மல்லிகாவின் அக்காவாக உட்கார்ந்து எல்லோரையும் வேலை வாங்கினார். என்னையும்தான். பள்ளத்தாக்கில் அண்ணனாக இருந்த நான் அன்றிலிருந்து அவருக்குத் தம்பி. "தம்பி, எலை பத்தாதாம், அங்கிட்டுப் போய்ப் பாருங்க" என்று என் மகள் கல்யாணத்தில் என்னை விரட்டிய ஒரே ஆள் அவர்தான்.

இப்போது கயலின் மகனுக்குப் பேச்சு வந்துவிட்டது. கேள்வியும் வந்துவிட்டது. போன தீபாவளிக்கு எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பாக்கியம் கொடுத்தனுப்பிய இறால் தொக்கைத் தொட்டுக்கொண்டே கேட்டான்: "சிங்கப்பூர் மாமா நமக்கு எப்படிம்மா சொந்தம்?"

சாப்பாட்டு இலைகளில் எல்லோர் கையும் நின்றது. ராமநாதன் தொண்டையைச் செருமினார். நான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"தாத்தாதான் கொண்டுவந்தாரு" என்றாள் கயல். "கேட்டுப் பாரு."

பேரன் என் முதுகுப் பக்கம் வந்து நின்று, "தாத்தா, தாத்தா" என்று கூப்பிட்டான்.

வழக்கம்போல நான் திரும்பவில்லை.